கரிசல் காட்டில் கம்பளிக் கோட்டு: பழைய பட்டாள உடுப்புச் சேர்க்க நினைப்பவர்களுக்கு

வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம் பெரிய சங்கதி. மழை தவறினால் பருத்தியும் கிடையாது, கம்பும் கிடையாது. அதனால் கரிசல் ஊர்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள், மில்லுக்குப் போனவர்கள் வரிசையில் பட்டாளத்துக்குப் போனவர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டு. கோவில்பட்டியைச் சுற்றி ஓர் ஊருக்குள் நுழைந்து "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால், "எந்த மிலிட்டரிக்காரர்?" என்று திருப்பிக் கேட்கும் ஊர்களும் இருக்கின்றன. அந்த வீடுகளின் பரணில் அநேகமாக ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி கிடக்கும். கறுப்போ பச்சையோ பெயின்ட் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர்.

பழைய ராணுவ உடுப்புகளைச் சேர்ப்பது உலகம் முழுக்க நடக்கிற பொழுதுபோக்கு. அமெரிக்க விமானிகளின் தோல் ஜாக்கெட், பிரிட்டிஷ் டிரெஞ்ச் கோட்டு, வியட்நாம் போர்க்கால எம்-65 ஜாக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தை உண்டு. அந்த ஆசை இப்போது நம் பையன்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் போனைத் திறந்து, எங்கோ அமெரிக்காவில் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டைத் தேடுவதிலிருந்துதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். தெருக்கோடி வீட்டுப் பரண் அவர்கள் கண்ணில் படுவதில்லை. என்னைக் கேட்டால் ஆரம்பிக்க வேண்டிய இடம் பரண்தான். காரணம் ஊர்ப்பாசம் இல்லை.

சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியை எட்டிப் பார்க்கும் ஊர் இது. மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. இங்கே யாரும் கம்பளிக் கோட்டு வாங்குவதில்லை. ஆகவே ஒரு கரிசல் வீட்டுப் பெட்டியில் முழங்காலுக்குக் கீழ் வரை இறங்கும் கிரேட்கோட்டு இருந்தால், அந்த வீட்டு மனிதர் குளிர் தேசத்தில் காவல் நின்றிருக்கிறார் என்று பொருள். காஷ்மீரோ, லடாக்கோ, சிக்கிமோ, அதற்கு முந்தின தலைமுறையாக இருந்தால் இத்தாலியோ. லண்டனில் கிடைக்கும் கோட்டு குளிருக்குப் போட்ட கோட்டாக மட்டும்கூட இருக்கலாம். இங்கே கிடைக்கும் ஒவ்வொரு கோட்டும் ஒரு போஸ்டிங்கின் சாட்சி. அந்தப் போஸ்டிங் எது என்று சொல்லும் காகிதமும் பெரும்பாலும் அதே பெட்டியில், கோட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கும்: டிஸ்சார்ஜ் புக்.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படையில் சேர்ந்த தேதி, படை எண், ரெஜிமென்ட், டிரேடு, பெற்ற பதக்கங்கள், வெளியே வந்த தேதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். உடுப்பு தன்னைப் பற்றி எதையாவது சொன்னால் அது இந்தப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். இந்த வசதி இணையத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற ஆளுக்குக் கிடையாது. ஆள் தெரியாத கோட்டு பழைய கோட்டுதான். ஆள் தெரிந்தால் அது ஆவணம்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஆச்சி, தாத்தாவோட மிலிட்டரிப் பெட்டி இருக்கா?" என்றால் வரும் முதல் பதில் பெரும்பாலும் "அதுல என்னய்யா இருக்கு, பழைய துணிதான் கெடக்கு" என்பதாக இருக்கும். உடனே விலை பேசக்கூடாது. "தாத்தா எந்த ஊர்ல இருந்தாக?" என்று கேளுங்கள். ஊர்ப்பெயர்கள் கொஞ்சம் சிதைந்து வரும், ஆனால் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு பெட்டியைத் திறக்கலாம்.

பெட்டியில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விழாவுக்குப் போட்ட நல்ல சட்டை, பெரட் தொப்பி, பித்தளை பக்கிள் வைத்த பெல்ட், விசில் கயிறு இவை தங்கிவிடும். தினம் போட்டுக் கிழிந்த வேலை உடுப்பு தங்காது. காக்கிக் கால்சட்டை பையாகியிருக்கும், சைக்கிள் சீட் உறையாகியிருக்கும், கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகி முடிந்திருக்கும். ஜெர்ஸி ஆட்டுக்கிடைக்குக் காவல் போகிறவருக்கோ, மில் வாட்ச்மேனுக்கோ கைமாறியிருக்கும். ஆகவே மினுங்குகிற அணிவகுப்பு உடுப்பைவிட ஒட்டுப்போட்ட சாதாரணச் சட்டைதான் அரிது. உலகம் முழுக்கவே சேகரிப்பாளர்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்துகொள்கிறார்கள்.

இந்த மண்ணில் பட்டாள உடுப்பின் கதை காக்கியில் ஆரம்பிக்கவில்லை, சிவப்பில் ஆரம்பிக்கிறது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோதும், 1801 மே மாதம் கர்னல் அக்னியூ அதைப் பிடித்தபோதும் வெள்ளைக்கார சிப்பாய்கள் போட்டிருந்தது சிவப்புக் கம்பளிக் கோட்டு. கரிசல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு முள்வேலியைத் தாண்டியவர்களில் மாண்டவர்களின் கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சியில் இன்றும் இருக்கின்றன. கோட்டுகள் போய்விட்டன. கல் நிற்கும், கம்பளி நிற்காது. இருநூறு வருஷம் அந்துப்பூச்சிக்குத் தப்புகிற துணி அபூர்வம். நம் ஊர் நாடகங்களிலும் படங்களிலும் பார்க்கிற பானர்மன் உடுப்பெல்லாம் தையல்காரரின் கற்பனைதான். யாராவது "கட்டபொம்மன் காலத்துச் சிப்பாய் கோட்டு" என்று விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்து ஐந்து வருஷம் கழித்து, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் உடுப்பை ஒட்டித்தான். தொப்பி போலத் தோன்றிய புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம், நீட்ட வேண்டாம். சேகரிப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: படையின் உடுப்பு விதிகள் தேதி போட்டு வருபவை. எந்த உத்தரவு எப்போது வந்தது என்று தெரிந்தால், துணிக்கு வயது சொல்லிவிடலாம்.

காக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் தன் கைட்ஸ் படைக்கு மண் நிற உடுப்புக் கொடுத்தார். அப்போது சாயம் நிலைக்காது. இரண்டு வெளுப்பில் ஆளுக்கொரு நிறமாகிவிடும். வெளுத்தாலும் போகாத காக்கிச் சாயத்துக்கு 1884-ல்தான் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். அதற்குப் பிறகே காக்கி பெரும் படைகளின் உடுப்பாகப் பரவியது. மங்களூர் பாசல் மிஷன் நெசவாலையில் அதற்கு முன்பே காக்கிச் சாயம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் காக்கி என்றால் சென்னை பெரம்பூரின் பக்கிங்காம் கர்னாட்டிக் மில். பின்னி கம்பெனியின் அந்த மில் துணிதான் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. 1990-களில் மில் மூடப்பட்டது. துணி ஓரத்தில் மில் முத்திரை தெரிகிற ஒரு துண்டு கிடைத்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் உலகப்போர் நம் பக்கத்துப் பெட்டிகளுக்கு முக்கியமான எல்லைக்கோடு. 1920-களில் தொடங்கிய ஆட்குறைப்பில் படிப்படியாகக் கலைக்கப்பட்ட மதராஸ் ரெஜிமென்ட் 1941-ல் மறுபடி எழுப்பப்பட்டது. 1780-லிருந்து தொடர்ந்து வருகிற மதராஸ் சாப்பர்ஸ் படையோ விரிந்துகொண்டே போனது. இத்தாலி போனவர்களுக்குக் கனத்த கம்பளி செர்ஜில் தைத்த பேட்டில்டிரஸ். பர்மா போனவர்களுக்குப் பச்சை. காட்டுக்குள் காக்கி பளிச்சென்று தெரிகிறது என்பதால் 1943 வாக்கில் 'ஜங்கிள் கிரீன்' பரவியது. ஆகவே 1940-களின் பச்சைச் சட்டை ஒன்று வெளிறிப்போய் இருந்தால், டிஸ்சார்ஜ் புக்கில் பர்மா ஸ்டார் என்ற பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் காலத்துச் சர்க்கார் துணியில் ஓர் அம்புக்குறி முத்திரை இருக்கும். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. எங்கே தயாரானது என்பதையும் அதை வைத்தே சொல்லலாம். அம்புக்குக் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியாவில் தயாரானது, அம்பைச் சுற்றி 'சி' இருந்தால் கனடா, இரு பக்கமும் 'டி' இருந்தால் ஆஸ்திரேலியா. கழுத்துப் பட்டையின் உட்புறம், கால்சட்டை இடுப்புப் பட்டை, பாக்கெட் உள்துணி என்று வெயில் படாத இடங்களில் தேடுங்கள்.

பட்டன் இன்னும் தெளிவாகப் பேசும். முத்திரையில் ராஜ கிரீடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26-க்கு முந்தின வார்ப்பு. அசோகச் சிங்கங்கள் இருந்தால் பிந்தினது. 1947 ஆகஸ்டுக்கும் 1950-க்கும் நடுவே சுதந்திர இந்தியாவின் சிப்பாய்கள் கிரீடம் பொறித்த பட்டனைத்தான் மாட்டியிருந்தார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் யானை நிற்கும். 1803-ல் அசாயே போரில் நின்ற மதராஸ் பட்டாளங்களுக்குக் கிடைத்த கௌரவம் அது. சாப்பர்களை மற்ற படைக்காரர்கள் 'தம்பி' என்பார்கள். அவர்களுடைய முன்விளிம்பு இல்லாத கறுப்புத் தொப்பி வேறு எந்தப் படைக்கும் கிடையாது. அது ஒரு பெட்டியில் இருந்தால், புத்தகம் தொலைந்துபோயிருந்தாலும் மனிதரின் படை தெரிந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பாகிஸ்தான் காக்கியையே வைத்துக்கொள்ள, நம் ராணுவம் ஆலிவ் பச்சைக்கு மாறியது. 1961-ல் ஆவடியில் ராணுவ உடுப்புத் தொழிற்சாலை வந்தது. 1962 சீனப் போரில் பருத்தி உடுப்போடும் கேன்வாஸ் ஷூவோடும் மலையேறிப் போனவர்களின் கதைக்குப் பிறகுதான் உயர்மலை உடுப்பில் அரசாங்கத்தின் கவனம் திரும்பியது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனிமலைக்கு ஏறியபோது போட்ட உடுப்புகள்கூட ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவை. இந்தப் பனிமலை உடுப்புகளை வேலை முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதனால் "சியாச்சின் கோட்டு" என்று கடையில் தொங்குவதைக் கண்டால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உண்மையா, உண்மையென்றால் வெளியே எப்படி வந்தது?

சுதந்திரத்துக்குப் பிந்தின துணிகளைத் தொட்டே வகை பிரிக்கலாம். அங்கோலா சட்டை என்று பழைய ஆட்கள் சொல்வது கம்பளியும் பருத்தியும் கலந்த முரட்டு ஃபிளானல். கழுத்தில் கொஞ்சம் அரிக்கும். டெரிகாட் வந்த பிறகு துணி வழுவழுப்பாகி மடிப்புக் கலையாமல் நிற்கும். விரலை நம்ப முடியாவிட்டால் நெருப்பை நம்பலாம். உள்தையலின் ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு நூலைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். தீப்பெட்டி ஊரில் குச்சிக்குப் பஞ்சமில்லை. பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும். முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சுவதை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் எரிவதற்கு முன் சுருங்கி உருகி, கறுப்பு மணியாக இறுகிவிடும். அதை நசுக்க முடியாது. துணிக்கு ஒன்று, தையல் நூலுக்கு ஒன்று என்று இரண்டு முறை பாருங்கள். "1942 சட்டை" என்று விற்பவரின் சட்டையில் தையல் நூல் உருகி மணியானால், அது பிற்காலத்தில் தைத்தது, அல்லது பிற்காலத்தில் பிரித்துத் தைத்தது.

இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு. ரூபாய் நோட்டைப் பார்க்க வைத்திருக்கிற சின்ன விளக்கே போதும். இப்போதைய செயற்கை இழைகளிலும் சோப்புத்தூளிலும் இருக்கிற வெளுப்பூட்டி, இருட்டில் அந்த ஒளி பட்டால் நீலமாக மினுங்கும். பழைய துணி மங்கலாகவே கிடக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. 1959-ல் சர்ஃப் வந்த பிறகு எந்த வீட்டம்மாளாவது தாத்தாவின் சட்டையை ஒருமுறை அதில் ஊறப்போட்டிருந்தால், உண்மையான சட்டையும் மினுங்கும். துணி முழுக்க ஒரே சீராக மினுங்கினால் துவைத்தது. தையல் நூல் மட்டும் கோடு கோடாக மினுங்கினால் சந்தேகப்படுங்கள்.

சேகரிக்கிறவர்கள் அநேகமாகக் கவனிக்காமல் விடுகிற ஒன்று வண்ணான் குறி. கன்டோன்மென்ட் சலவையில் நூற்றுக்கணக்கான ஒரே மாதிரிச் சட்டைகள் கலந்துவிடாமல் இருக்க, கழுத்துப் பட்டையின் உள்ளே சேங்கொட்டைப் பாலால் சின்னக் குறி வைப்பார்கள். புள்ளிகள், கோடுகள், ஒரு எண். சுண்ணாம்பு பட்டதும் கறுத்துப்போகும் அந்தக் குறி துணி கிழிகிற வரை போகாது. அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துப் பார்த்த புத்திசாலிகள் உண்டு. வெயில் நாட்டுக் காக்கிக் கோட்டுகளில் பட்டனைத் தைக்காமல், உட்புறம் சின்ன வளையம் கோத்து மாட்டியிருப்பதும் சலவைக்காகத்தான். வெளுக்கப் போடும் முன் கழற்றிவிடலாம். வளையம் மாட்டும் துளையே இல்லாமல் பட்டன் தைத்திருந்தால், எங்கே எப்போது தைத்த உடுப்பு என்று யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு உடுப்புதான் வேண்டும் என்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க எம்-65 ஜாக்கெட்டின் உள்ளே துணி லேபிளில் ஒப்பந்த எண் இருக்கும். 'டிஎஸ்ஏ 100' என்று ஆரம்பித்து, அடுத்து வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. 68 என்றால் 1968. 1970-களின் பின்பாதியில் 'டிஎஸ்ஏ' என்பது 'டிஎல்ஏ' ஆகிவிட்டது. பிரிட்டிஷ் கோட்டில் அளவு, தைத்த கம்பெனி, ஆண்டு மூன்றும் ஒரே லேபிளில் இருக்கும். டாக்ஸி டிரைவர் படத்தில் ராபர்ட் டி நீரோ போட்டு வந்ததிலிருந்து எம்-65-க்கு நகல்கள் பெருகிவிட்டன. லேபிளையும் நகலெடுக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் உடுப்புகளின் நகலைத் தைத்து, போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு அனுப்பும் தொழில் இந்தியாவிலேயே இருக்கிறது. அது நேர்மையான தொழில்தான். ஆனால் அந்த நகல் இரண்டு கை மாறி, தேயிலைச் சாயத்தில் நனைந்து பழசாகி, அசல் விலைக்கு விற்பனைக்கு வருவதும் நடக்கிறது. உண்மையான தேய்மானம் முழங்கையிலும் கழுத்து மடிப்பிலும் பாக்கெட் வாயிலும் இருக்கும். போலித் தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும். உலகச் சந்தையில் அதிக விலைக்குப் போவதும் அதிகமாகப் போலி செய்யப்படுவதும் நாஜி ஜெர்மனியின் உடுப்புகள். அதைத் தேடிச் சேர்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை, இங்கே எழுதப்போவதும் இல்லை.

இனி காப்பது. கரிசல் நாட்டுக்குச் சில சாதகங்கள் உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி காற்றில் ஈரம் குறைவு, பூஞ்சைக்குப் பிடிக்காத ஊர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கணக்கு மாறிவிடும். மீதி மாதங்களில் புழுதி. நூலிடுக்கில் உட்கார்ந்த கரிசல் தூசி, மடிக்கும்போதெல்லாம் இழையை அறுக்கும். எல்லாவற்றையும்விட மோசம் பரண். மொட்டை மாடிக்குக் கீழே, தகரப் பெட்டிக்குள், கோடை முழுக்க வேகிற துணி இற்றுப்போகும். பெட்டியை முதலில் கீழே இறக்கி உள்ளறைக்குக் கொண்டுவாருங்கள்.

அடியில் செய்தித்தாள் விரித்திருப்பார்கள். அதை உடனே கசக்கிப் போட வேண்டாம், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி கடைசியாக எப்போது அடுக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு தாளை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். செய்தித்தாளில் அமிலம் உண்டு, துணியை மஞ்சளாக்கும். அதற்குப் பதில் பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய வெள்ளை வேட்டி போதும்.

கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். வெளிச்சம் பிடிக்காது என்பதால் காலருக்கு அடியில், கைமடிப்பில், தையலோரத்தில் இருக்கும். வெள்ளை நூல் குழாய் போன்ற கூடும், மணல் போல உதிரும் எச்சமும் அடையாளம். வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் பூச்சி வராமல் தடுக்க ஓரளவு உதவும். உள்ளே இருக்கிற முட்டையைக் கொல்லாது. அந்துருண்டை கொல்லும், ஆனால் அதன் ஆவி மனிதருக்கும் ஆகாது, சில பிளாஸ்டிக் பட்டன்களையும் இளக்கிவிடும். நம்பகமான வழி குளிர். உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு பை அறைச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக்கூடாது, துணியில் நீர் கோத்துக்கொள்ளும். ஜெர்ஸியும் சட்டையும் வீட்டு ஃப்ரீசரில் அடங்கும். சம்மதம் வாங்குவது அவரவர் சாமர்த்தியம். கிரேட்கோட்டு அடங்காது. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், வாசனை கட்டிக்கொண்டு வராமல் இரட்டைப் பையில் போட்டு.

பருத்தி உடுப்புக்கு வேறு எதிரி. பட்டாளத்துக் காக்கி என்றால் அட்டை மாதிரி விறைக்கக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டிருப்பார்கள். அந்தக் கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. நல்ல நிலையில் உள்ள காக்கிச் சட்டையை வெறும் தண்ணீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு, நிழலில் படுக்கை வாட்டில் உலர்த்தி வைக்கலாம். அதற்கு முன் உள்மடிப்பில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரே படக்கூடாது. கம்பளியை வீட்டில் துவைக்கவே வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பித்தளை பட்டனைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பிராஸோ போட்டுப் பளபளக்க வைக்கும் ஆசையை அடக்குங்கள். பாலிஷ் துணியில் வெள்ளைத் தடம் விடும், சின்னத்தின் கோடுகளையும் தேய்த்துவிடும். கனத்த கோட்டைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் பிய்ந்துவிடும். பெட்டியிலேயே படுக்க வைத்து, மடிப்புக்குள் துணிச் சுருள் கொடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பேட்ஜ் ஒன்று குறைகிறதென்று கடையில் வாங்கித் தைத்து "முழுசாக்க" வேண்டாம். போட்டிருந்தவரின் கதை அத்தோடு பொய்யாகிவிடும். பெட்டி, புத்தகம், போட்டோ, உடுப்பு நான்கையும் பிரிக்காமல் வைத்திருப்பதே பெரிய வேலை. வீட்டார் விற்க நினைத்தாலும், பதக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு உடுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் சேகரிப்பாளரைத்தான் நான் மதிப்பேன்.

சட்டம் பற்றிக் கேட்காமல் யாரும் இதில் இறங்கக்கூடாது. பழைய சீருடையை வைத்திருப்பது குற்றமில்லை. படையில் இல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போட்டால் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 140-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, பொதுமக்கள் ராணுவ வடிவத் துணிகளை உடுத்த வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் வந்த புதிய டிஜிட்டல் வடிவத்துக்கு வடிவமைப்புப் பதிவு இருக்கிறது. வெளிச்சந்தையில் தைத்து விற்க உரிமை கிடையாது. ஆகவே நடப்பு உடுப்பைத் தொடவே தொடாதீர்கள். தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் பைக்கில் போய்ப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாத வேலை. கரீபியன் பக்கம் வேலைக்கோ கப்பலுக்கோ போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற நாடுகளில் பொதுமக்கள் காமோஃபிளாஜ் துணி போடுவதே தடை.

நூறு வருஷம் தாண்டிய பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வரலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவது தனியார் செய்யக்கூடிய காரியம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆசை காட்டி விலை பேசுகிறவரிடம் இதைச் சொன்னால் போதும், பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டின் மையத்திலும் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் மையத்திலும் அந்தந்தப் படையின் அருங்காட்சியகம் உண்டு. இரண்டும் ராணுவ வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போக வேண்டும். முன்னாள் படைவீரர் வீட்டு ஆட்கள் கூட வந்தால் வேலை சுலபம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் அதிகாரிகளைப் பற்றிய ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர் சிப்பாய்க்கு அங்கே தேடிப் பயனில்லை. அவரவர் ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசுக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டுக் குடும்பத்தார்தான் எழுத வேண்டும். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனி காலத்திலிருந்து வந்த சீருடைகளையும் பதக்கங்களையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். கோவில்பட்டியிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. வெள்ளிக்கிழமை மட்டும் போய் இறங்கிவிடாதீர்கள், அன்று விடுமுறை.